அண்ணனுக்கு மட்டும் நீளாத கை

ஊருக்கெல்லாம் கை வைக்கிற மனுஷன், கூடப் பொறந்த அண்ணனுக்கு மட்டும் மாட்டேன் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

நாச்சம்மாளுக்கு எரிந்தது. நாலாவது நாளாகக் கொழுந்தன் மோகனசுந்தரத்தின் வாசலில் வந்து நிற்கிறாள்.

வீடு ஒன்றும் தூரமில்லை. நடுவில் பத்துத் தென்னை, ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். ஆனால் மாமியார் செத்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி நாலு வருஷமாகிறது.

இப்போது அண்ணன் குப்பண்ணன் கல்லீரலில் புற்றுநோய் வந்து கிடக்கிறார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வலி தணிக்க வீட்டுக்கே வருகிற பாலியேட்டிவ் நர்ஸ் கொடுக்கிற மருந்துக்குப் பாதி நாள்தான் வலி அடங்குகிறது. மீதிப் பாதி நாளும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"தம்பியை வந்து ஒருக்கா கை வெக்கச் சொல்லு அம்மிணி."

சக்தி சிகிச்சை என்று பேர். வலிக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார் மோகனசுந்தரம். நோய் போகிறதோ இல்லையோ, வலி விட்டுப் போகிறது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் வடகரப்பதி ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

இதோ, பக்கத்து ஊர் வேலந்தாவளத்துக்காரி ஒருத்தி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே வெளியே போகிறாள். நாச்சம்மாளுக்கு இன்னும் ஏறியது.

"ஏனுங்க தம்பி, முன்னப்பின்னத் தெரியாதவ கழுத்துக்கெல்லாம் கை நீளுது. அண்ணனுக்கு நீள மாட்டீங்குதா?"

"இன்னிக்கும் ஆகலீங்க அண்ணி."

"என்ன ஆகலை? நாளு நட்சத்திரம் பாக்கறீங்களா?"

மோகனசுந்தரம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இது கை பண்ற வேலை இல்லீங்க. கை வெறும் கொழாய். உள்ள என்ன இருக்குதோ அதுதான் வரும். கோவம் இருந்தா கோவம்தான் எறங்கும். அதுக்குத்தான் தெனமும் விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்கார்றேன். ஒவ்வொரு மொகமா நெனச்சு, நீ நல்லா இருன்னு மனசாரச் சொல்லோணும். யாருக்கு அப்பிடிச் சொல்ல முடியலியோ அவங்களத் தொடக் கூடாது. எங்க குரு சொல்லிக் குடுத்ததே அதுதான்."

"அதுக்கு?"

"அண்ணன் மொகம் வந்தா எனக்குச் சொல்ல வர மாட்டீங்குது அண்ணி."

அவளுக்கு இழுத்துப் போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

"ஆத்தா ரண்டு நாளு இழுத்துட்டுக் கெடந்திருக்குது. அப்ப நான் இருந்த திருப்பூர் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறுனா பொழுதுக்குள்ள வந்திருப்பேன். ஒரு போன் பண்ணலியே அண்ணன்! எவனோ சொல்லி நான் ஓடியாந்தப்ப சாம்பல்தான் இருந்துச்சு. அன்னிக்கு ஒரு வார்த்தை கேக்காமத் திரும்புனவன்தான்."

நாச்சம்மாள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் வலியில கத்தறது இங்க கேக்குதுங்க. கேட்டுட்டேதான் உக்காந்திருக்கறேன். ஓடி வந்து தொடோணும்னு கை பதறுது. ஆனா இந்த மனசோட தொட்டா, சாகப் போற ஒடம்புல வெசத்த எறக்குன பாவம் எனக்கு வந்துரும். ஏன் கூப்புடலைன்னு ஒரு காரணம் தெரிஞ்சாப் போதும் அண்ணி. எவ்வளவு சொத்தையான காரணமா இருந்தாலும் சரி, இந்த நிமிசமே வந்துருவேன். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும்? அது அண்ணந்தம்பி சமாச்சாரம்."

சொல்லிவிட்டு விறுவிறு என்று திரும்பி நடந்தாள். வாய்க்கால் ஓரத்தில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி, "என்னங்கக்கா, வர்றாரா?" என்றாள்.

"எங்க வர்றது? கல்லு! கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

குப்பண்ணன் கட்டிலில் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

"வர்றானா?"

"இல்லீங்க."

"ஏனாமா?"

"உங்க மேல என்னமோ கோவமாமாங்க."

"எம் மேலயா?" வலியையும் மீறி அவர் தலையைத் தூக்கினார். "ஆத்தா கெடந்த ரண்டு நாளும் நான் டாக்டர், மருந்துன்னு அலைஞ்சுட்டுக் கெடந்தேன். தம்பியைக் கூப்புடுன்னு உங்கிட்டத்தான சொன்னேன்? எத்தனை தடவ போன் பண்ணியும் அவன் வரலைன்னு நீதான சொன்ன? பெத்தவ மொகத்தப் பாக்க வராதவனையே நான் மன்னிச்சுட்டேன். அவனுக்கு எம் மேல என்ன அம்மிணி கோவம்?"

நாச்சம்மாள் கஞ்சியை ஆற்றினாள். 'சின்னவன் வரட்டும், நீ எனக்குச் சோறு போட்ட லட்சணத்தையெல்லாம் சொல்றேன்' என்று மாமியார் அந்த இரண்டு நாளும் முனகியதும், அதற்குப் பயந்து தான் போனைத் தொடவே இல்லை என்பதும் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"தெனமும் நாலு மணிக்கு எந்திரிச்சுக் கண்ண மூடுனா ஆச்சுங்களா?" என்றாள், ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோய். "மனசு சுத்தமா இருக்கோணுமில்லீங்க!"