டம்ளர் வட்டம்

"புதுப் பெட்டிக்கு எதுக்கு சார் பழைய கீறல்?" என்றேன்.

பாலிஷ் பட்டறைக்கு இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. வந்தவர் தன் வீட்டிலேயே செய்த ஆம்ப்ளிஃபயரின் தேக்குப் பெட்டி அது. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"அச்சு அசலா இப்படியே இருக்கணும். மேல டம்ளர் வச்ச வட்டம், ஓரத்துல கீறல், அலுமினிய முகப்புல குமிழைச் சுத்தித் தேய்மானம்."

"பழசுன்னு சொல்லி யார் தலையில கட்டப் போறீங்க?"

"ஐயோ, என் வீட்டுக்குத்தாங்க!" என்றவர் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

திருட்டு முழி. வேண்டாவெறுப்பாகத்தான் செய்து முடித்தேன்.

மறுநாள் ஒரு அம்மா, போர்வையில் சுற்றிய பெட்டியோடு வந்தார். பிரித்தால் படத்தில் பார்த்த அதே வட்டம், அதே கீறல்!

"வீட்டுக்காரரோடதுங்க. அவர் வெளியூர் போன நேரம் பாத்துத் தூக்கிட்டு வந்துட்டேன். புத்தம் புதுசா ஆக்கிக் குடுங்க. இனிமே புது ஆம்ப்ளிஃபயர் செய்யவே மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினார். பாவம், ஒரு வருஷமா அதைக் காப்பாத்துறார் மனுஷன்!"

அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த பெட்டியின் மேல் அவசரமாகத் துணியை இழுத்துப் போட்டேன்.