ஆறிப்போகும் குளம்

விடிந்தும் விடியாததுமாகக் வீட்டு நீச்சல்குளத்தில் காலை வைத்த அப்பா, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"டேய், இங்க வா! தண்ணி இன்னிக்கும் சில்லுனு கிடக்கு."

மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தான்.

அப்பா தொழிற்சாலைக் கொதிகலன்களைக் கட்டி மேய்த்தே ஓய்வு பெற்றவர். இந்தச் சின்னக் குளம் அவரை ஏய்ப்பதா? பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தண்ணீர் ஆறிவிடக்கூடாதென்று, பொழுது சாய்ந்ததும் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டுத்தான் உள்ளே போவார். காலையில் பார்த்தால் விரிப்பு ஓரமாகச் சுருண்டு கிடக்கும்.

"காத்தா இருக்கும்பா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேத்து மூலைக்கு ஒரு செங்கல் வெச்சேன். பாரு, உன் காத்து செங்கல்லை எவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருக்கு!"

மகன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

"நீ படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்ட. ராத்திரி வேலைக்குக் கிளம்பறப்ப இந்தக் கொல்லைக்கதவு வழியாப் போறது யாரு? உன் பொண்டாட்டி. நான் நீந்தறது அவளுக்குப் பிடிக்கலை."

"டாக்டருக்குக்கூடத்தான்..."

"டாக்டர் பேச்சை எடுக்காதே! விரிப்பு இல்லாட்டி சூடெல்லாம் ஆவியாப் போயிடும்னு அவளுக்கும் தெரியும். பத்து மணிக்கு வெயில் ஏறினப்புறம் இறங்கலாம்னா, அப்பவும் நிம்மதி இல்ல. வேலை முடிஞ்சு வந்தவ போய்ப் படுக்க வேண்டியதுதானே? துணிக்கூடையோட கரையில வந்து உட்கார்ந்துக்கறா. ஒரே சட்டையை எத்தனை தடவைடா மடிப்பா? வீட்டுக்குள்ள இடமா இல்ல?"

மகன் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

மருமகள் வந்து பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"விரிப்பை எடுக்கறது நீதானேம்மா?"

"நான்தான் மாமா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்ததில் அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அப்படி என்னம்மா உனக்கு என்மேல வஞ்சம்?"

"போன மாசம் தண்ணியில உங்களுக்கு மயக்கம் வந்துச்சே, அப்ப டாக்டர் என்ன சொன்னாரு? தனியா இறங்கக் கூடாதுன்னாரு. 'எனக்கு எதுக்குக் காவல்?'னு அவர்கிட்டயே சண்டைக்குப் போனீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"தண்ணி வெதுவெதுன்னு இருந்தா விடியறப்பவே இறங்கிடுவீங்க. அப்ப நான் வீட்டுல இருக்க மாட்டேனே, மாமா."

கதவோரம் இருந்த துணிக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க, வெயில் ஏறிடுச்சு. மடிக்கறதுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. நேத்து மடிச்சதையே கலைச்சு எடுத்துக்கிட்டேன்."