வளைவில் ஒரு மேடு

டிராக்டருக்குப் பின்னால் பெட்டி மாதிரியான இரும்பு பிளேடை மாட்டி, வாசலுக்கு வரும் சரளைப் பாதையைச் சனிக்கிழமை முழுக்க இழுத்துச் சமன்செய்தார் அவர். ஞாயிறு காலையில் அது அவர் விட்டுவந்ததைவிட ஒழுங்காக இருந்தது. நடுவில் லேசான மேடு, இரு ஓரமும் சரிவு. ஆறடி உயரமான அவருடைய டிராக்டர் இருக்கை, ஐந்தடி ஆளுக்கு வசதியாக முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. இது நாலாவது வாரம்.

"செத்து ஆறு மாசமாச்சு! இன்னும் என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கணுமா அந்த அஞ்சடி உங்கண்ணனுக்கு?" என்று மனைவியிடம் குதித்தார்.

"நீங்க எங்க பாதை போட்டீங்க? உழுதுல்ல வச்சிருந்தீங்க," என்றாள் அவள். அண்ணன் வாயில் வரும் அதே வசனம்.

அடுத்த சனிக்கிழமையும் கறுவிக்கொண்டேதான் இழுத்தார். வளைவில் ஒரு மேட்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார். இறங்கியதும் இருக்கையைத் தானே முன்னால் தள்ளினார். சாவியை வழக்கம்போலத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். மச்சானுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.