ஓணான் சார்

"கொடு அந்தப் போனை!"

மகள் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினார் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட கைகூட இன்னும் காயவில்லை.

"கணக்குதாம்ப்பா பாத்துட்டிருந்தேன்..."

"போன்ல என்னடி கணக்கு? எவனோ எங்கேயோ உக்காந்து சொல்றதைக் கேட்டு எழுதினா அது படிப்பா? நான்லாம் பள்ளிக்கூடத்துல கணக்குப் புலி. யார்கிட்டயும் போய் நின்னது கிடையாது!"

"லீவு நாள்தானே, விடுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ குடுக்கிற செல்லம்தான் இவ்வளவும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது பீரோவுலதான் இருக்கும்."

"நாளைக்குச் சாயங்காலமா? அதுக்குள்ள..." என்று மகள் எதையோ சொல்ல வந்தாள். அவர் முறைத்த முறைப்பில் அதை விழுங்கிக்கொண்டாள்.

ஊருக்கு உபதேசம் முடிந்தது. படுக்கையறை பீரோவில் போனை வைத்துப் பூட்டி, அறைக் கதவைச் சாத்தி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் போனை எடுத்தார் சூப்பர்வைசர்.

விஷயம் இதுதான். அவர் வேலை பார்ப்பது தகரக் கூரை போட்டுக் கொடுக்கும் கம்பெனியில். சரிவுக் கணக்குத் தெரியாமல் தகரத்தை வெட்டி வீணாக்குகிறார்கள் என்று மேலிடத்துக்குக் கோபம். சூப்பர்வைசர்கள் எல்லோரும் முக்கோணவியலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும், தேறாதவர் பழையபடி தகரம் தூக்கப் போகலாம் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். நாளைக் காலையில் பரீட்சை.

கணக்குப் புலிக்கோ சைன் எது, காஸ் எது என்றே தெரியாது. பத்தாவது படிக்கும் மகளிடம் கேட்டிருக்கலாம். அப்புறம் மானம் என்னாவது? பரீட்சையைப் பற்றியே வீட்டில் மூச்சுவிடவில்லை.

இணையத்தில், கணக்குச் சந்தேகம் தீர்க்கும் ஒரு குழுவில் பெயர் சொல்லாமல் சேர்ந்தார். 'ஓணான்' என்று ஒருவர் உடனே கை கொடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று முதலில் பயந்தார்தான். ஆனால் அந்த மனுஷருக்கு என்ன பொறுமை! கேட்டதையே நாலு தரம் கேட்டாலும் சலிப்பே கிடையாது. இவர் மாதிரிக் கேள்வித்தாளைக் கட்டிலில் வைத்துப் படம் பிடித்து அனுப்புவார். படத்தில் பாதி கணக்கு, மீதி மஞ்சள் கிளி போட்ட போர்வை. அதற்கும் சிரிக்காமல் பதில் வரும். கண்டிப்பாக ஓய்வுபெற்ற பேராசிரியர்தான் என்று முடிவுகட்டி, 'சார்' போட்டே எழுதி வந்தார்.

"வணக்கம் சார். கூரையோட உயரமும் சரிவு நீளமும் குடுத்திருக்காங்க. கோணம் கண்டுபிடிக்கணும். சைனா, டேனா?"

அனுப்பினார். பீரோவுக்குள் 'டிங்' என்றது.

"பாரு, அதுக்குள்ள கூட்டாளிங்க கூப்பிட ஆரம்பிச்சாச்சு" என்று பல்லைக் கடித்தார்.

பதில் வரவில்லை.

"சார், இருக்கீங்களா?"

டிங்.

"சார், நாளைக்குப் பரீட்சை. உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்."

டிங்.

"சே! இந்த ஆளுங்களே இப்படித்தான். சமயத்துல காலை வாரிடுவாங்க."

அவருக்கு வேர்த்துவிட்டது. தன்னிடம் வேலை கற்ற பயல் அதட்ட, தான் தகரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தார்.

"சார், ப்ளீஸ் சார்!"

டிங்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் புலிக்கு அப்போதுதான் உறைத்தது.

பீரோவைத் திறந்தார். மகளின் போன் திரையில் அவர் கெஞ்சியதெல்லாம் வரிசையாக நின்றது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளாகவே 'அப்பா' என்று போட்டு வைத்திருந்தாள்.

அப்படியே கட்டிலில், படத்தில் விழுந்த அந்த மஞ்சள் கிளிப் போர்வை மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிட, தெரிந்தும் அவள் இத்தனை நாள் காட்டிக்கொள்ளாமல் இருந்ததுதான் மனசை என்னவோ செய்தது.

கூடத்துக்கு வந்து போனை நீட்டினார்.

"இந்தா. கணக்குன்னு சொன்னியே, அதுக்கு மட்டும் பாரு." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத குரல்.

"சரிப்பா" என்று தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள் மகள்.

அவர் அறைக்குத் திரும்பி உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"லேட்டாயிடுச்சு, சாரி சார். உயரமும் சரிவு நீளமும் இருந்தா சைன். எங்கப்பாவுக்கும் நாளைக்குப் பரீட்சைதான் சார். அவருக்குச் சொல்லித் தர எனக்குத் தைரியம் கிடையாது. அதான் உங்களுக்குச் சொல்லித் தர்றேன்."