ஏழாம் எண் விசிறி

மூன்றாம் எண் விசிறியை வீசிப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் ஒரு பூகூட உதிரவில்லை.

ஐந்தாம் எண்ணை எடுத்தாள். அதுவும் அப்படியே. கிளையில் உட்கார்ந்திருந்த சிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேசைமேல் பன்னிரண்டு பட்டு விசிறிகள். பழைய சீன ஓவிய விசிறிகளைப் போல வட்டமாக, மூங்கில் பிடியோடு. பிடிக்குள் சென்சார். வருகிறவர்கள் ஒன்றை எடுத்து வீசினால், அந்தக் காற்றுக்குச் சுவரில் ஒளிப்படமாக விழும் அவள் வரைந்த பிளம் மரம் அசையும், பூ உதிரும். கொஞ்சம் வேகமாக வீசினால் சிட்டு பறக்கும். இரண்டு வருட உழைப்பு. நாளைக் காலை கலைக்கூட இயக்குநர் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால்தான் கண்காட்சி.

ஏழாம் எண்ணை எடுத்தாள். பூ பொலபொலவென்று கொட்டியது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

அவளிடம் கணினி வேலை பார்க்கும் பையன் தினமும் அவள் கையில் கொடுப்பது இந்த விசிறியைத்தான். மற்றவற்றைத் தொடவே விடமாட்டான்.

"அக்கா, உங்களுக்கு இதுதான். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பால்வடியும் முகத்தோடு சொல்வான். அவளும் நம்பித் தொலைத்திருக்கிறாள்.

அவள் கண்ணில் மண்ணைத் தூவ ஒன்றை மட்டும் வேலை செய்ய வைத்திருக்கிறான். நாளை இயக்குநர் முன்னால் மற்ற பதினொன்றும் பல்லிளிக்கும். இவன் பதறுவதுபோலப் பதறி, நாலு பட்டனைத் தட்டிச் சரிசெய்து நல்ல பேர் வாங்கிக்கொள்வான். அடுத்த கண்காட்சி அவன் கைக்குப் போய்விடும். கூடவே இருந்து குழிபறிக்கிறான்.

அவன் சாப்பிடப் போயிருந்தான். கணினி திறந்தே கிடந்தது.

பன்னிரண்டு விசிறிகளுக்குப் பன்னிரண்டு வரிகள். எந்த வேகத்தில் வீசினால் படம் அசையத் தொடங்கும் என்ற கணக்கு. பதினொன்றுக்கு நாற்பது. ஏழாவதற்கு மட்டும் நான்கு. பக்கத்தில் அவனே குறிப்பு எழுதியிருந்தான்: அக்காவுக்கு.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். ஆனாலும் நாளை வாய்கூசாமல் மறுப்பான், ஒரு சாட்சி இருந்தால் நல்லது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டாள். மூன்றாம் எண் விசிறியைக் கொடுத்து, வீசிவிட்டுச் சுவரைக் கவனமாகப் பாருங்கள், நாளை கேட்டால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றாள்.

அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வீசினாள்.

மரமே குலுங்கியது. சிட்டு பறந்தது.

"நான் பலமாக்கூட வீசலையேம்மா," என்று பயந்துபோய் விசிறியை மேசையில் வைத்துவிட்டாள்.

அவள் தன் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மூன்று மாதமாக யார் கண்ணிலும் படாமல் மறைத்து வந்த கை. நரம்பு டாக்டர் சொன்னதைக் கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. டாக்டர் சீட்டை இவன் எங்கே பார்த்தான்? எப்போது அவள் கைப்பையைத் துழாவினான்?

அந்த நான்கை அவன் என்றைக்கு எழுதினான் என்று கணினியில் தேடினாள்.

அவள் டாக்டரிடம் போனதற்கு ஐந்து வாரம் முந்தைய தேதி அது.