ஞாயிற்றுக்கிழமை மிளகாய்

முறுக்குக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் வேலை நாளெல்லாம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பில் சூட்டை உணரும் ஏற்பிகளை அது அடைத்துவிடும். கொதிக்கும் எண்ணெய் தெறித்தாலும் லூர்துவின் கை பதறாது. மிளகாய்க் காரமும் அதே வாசல் வழியாகத்தான் வரும் என்பதால் அவளுக்கு உறைப்பும் தெரியாது.

போன வாரம் அவள் விளாவிய வெந்நீரில் குழந்தையின் பாதம் சிவந்துபோனது. அன்றிலிருந்து கணவன் சூசைதான் குளிப்பாட்டுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, மாத்திரை கிடையாது. லூர்து அடுப்படியில் நிலைகொள்ளாமல் நடந்தாள். நேற்றைய மருந்து இறங்கிவிட்டதா என்று பார்க்கப் பச்சை மிளகாயைக் கிள்ளிக் கிள்ளி மென்றாள். வெண்டைக்காய் தின்பது போலிருந்தது.

“ஏன் இப்படி அலையுற? நான் ஊத்துறேன், விடு.”

“பெத்தவ நானுங்க. இன்னிக்காவது நான் ஊத்துறேன்.”

கடைசியில் நாக்கு எரிந்தது.

“ஏங்க, ஒறைக்குதுங்க!”

கண்ணில் நீர் வழிய ஓடிப்போய், பயத்தில் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி விளாவினாள். நீட்டிய காலில் குழந்தையைக் கிடத்தி முகத்தை வழித்துவிட்டாள். குழந்தை வீறிட்டது.

“ஐயோ, சுட்டுட்டேனா?”

சூசை பாய்ந்து வந்து தண்ணீரில் கை விட்டான். “தண்ணி பதமாத்தான இருக்கு?” அவள் விரலை இழுத்து மோந்து பார்த்தான். “மிளகா கிள்ளுன கையக் கழுவலையா? எரியல உனக்கு?”

நாக்குக்குத் தெரிந்தது கைக்கு இன்னும் தெரியவில்லை.

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். நீட்டிய காலை மடக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் விரல் நுனி எரியத் தொடங்கியது.