ஒன்றரை மணி நேரம் லேட்

"மணி ஒண்ணாச்சு. சாப்பிட வாங்க."

"என் வாட்ச்ல இன்னும் பன்னெண்டுகூட ஆகலையே" என்றார் பெருமாள், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

பாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு வருஷம் ரயில்வே கார்டாகப் பச்சைக்கொடி காட்டிய மனுஷன். அவர் வண்டி கிளம்புவதைப் பார்த்து போலாரம் ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவர் ரெண்டு வருஷமாகக் கல்யாணத்துக்கும் லேட், காரியத்துக்கும் லேட்.

பக்கத்து வீட்டு யூசுப் வாசலில் நின்று சிரித்தார். "என்ன அண்ணே, வண்டி இன்னிக்கும் ஒன்றரை மணி லேட்டா? கழட்டிக் கொடுங்க, சரி பண்ணித் தர்றேன்."

"நக்கோ, வேணாம் யூசுப் பாய்! இது கோதாவரிப் பாலத்துல கைதவறி ஆத்துல விழுந்த வாட்ச். மூணு மாசம் கழிச்சு மீன் வாங்கினா, வயித்துக்குள்ள டிக்டிக்னு சத்தம். அறுத்துப் பார்த்தா இது! மூணு மாசம் மீனுக்குள்ள கிடந்தும் ஒன்றரை மணி நேரம்தான் பின்தங்கியிருக்கு. இதைப் போய்க் குத்தம் சொல்லலாமா?"

யூசுப் சிரித்துக்கொண்டே போனார். பாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் மகள் மைதிலி அனுப்பிய செய்தி.

"ம்மா, டிக்கெட் போட்டாச்சு. அப்பா என்கிட்ட பேசுவார்னா வர்றேன். இல்லேன்னா கேன்சல். இன்னிக்கே பதில் சொல்லு."

ரெண்டு வருஷம் முன்னால் நர்ஸ் வேலைக்கு துபாய் கிளம்பினவளிடம், "போனா என்கூடப் பேசாதே" என்றவர் இவர். அன்றிலிருந்து அவள் போன் வந்தால் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். போன் எப்போதும் அங்கிருந்துதான் வரும். அங்கே மணி என்ன என்று பாமா கேட்டதே இல்லை.

அவர் காதில் விழட்டும் என்று டிக்கெட்டை உரக்கப் படித்தாள்.

"துபாய் நாலு மணி, ஹைதராபாத் ஒன்பது பத்து. ம்... போனப்போ பத்துக்கு ஏறி பன்னெண்டரைக்கு இறங்கிட்டா. திரும்பி வர்றதுக்கு மட்டும் அஞ்சு மணி பத்து நிமிஷமா? போறவங்களுக்குத்தான் வழி சுருக்கம் போல."

"மூணு மணி நாப்பது நிமிஷம்" என்றது பேப்பர்.

"என்னது?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். மூணு நாப்பதுல வந்துடும். டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவான். அங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னாடி..."

சொன்ன பிறகுதான் பெருமாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். இடது கை மெல்லப் பேப்பருக்கு அடியில் போயிற்று.

பாமா அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சுவரில் மணி ஒன்று பத்து. அவர் மணிக்கட்டில் பதினொன்று நாற்பது.

'டாண்ணு ஒரு மணிக்குச் சாப்பிட்டுடறேன்மா' என்று மைதிலி போனில் சொல்லாத நாளில்லை. இங்கே இவர் தட்டு முன்னால் உட்காருவது ரெண்டரைக்கு.

பாமா சாதத்தைத் திரும்ப மூடி வைத்துவிட்டு, போனில் தட்டினாள்:

"கிளம்பி வாடி. அப்பா தினமும் உன்கூடத்தான் சாப்பிடறார்."